பிராங்க் விஸ்னர்: தூதர் பணியிலிருந்து வணிக ஆலோசனைக்கு

பிராங்க் ஜி. விஸ்னர் (1938–2025) அமெரிக்க வெளியுறவுப் பணியில் 36 ஆண்டுகள் இருந்தவர். நான்கு நாடுகளில் தூதராகப் பணியாற்றினார். அவற்றுள் கடைசி நாடு இந்தியா (1994–1997). ஓய்வுக்குப் பின் பெருநிறுவனங்களின் பன்னாட்டு விவகாரங்களைக் கவனித்தார். அரசுப் பணியில் பெற்ற அனுபவம் தனியார் துறைக்குச் செல்லும்போது எழும் கேள்விகளை அறிய இவரது வாழ்க்கை உதவும்.

தொடக்கம்

நியூயார்க்கில் பிறந்தார். இவருடைய தந்தை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் மூத்த அதிகாரி. விஸ்னர் 1961இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அதே ஆண்டில் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அல்ஜீரியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் பணிபுரிந்தபின் சாம்பியா (1979–82), எகிப்து (1986–91), பிலிப்பைன்ஸ் (1991–92) நாடுகளில் தூதராக இருந்தார்.

இந்தியாவில்

விஸ்னர் தில்லிக்கு வந்தபோது 1991இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தம் வேகம் பிடித்திருந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் மஹிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து மறைமலை நகருக்கு வந்தது. 1996இல் ஹூண்டாய் இந்திய நிறுவனம் தொடங்கப்பட்டு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்துக்கு அந்த ஆண்டுகளில்தான் அடித்தளம் இடப்பட்டது. இவற்றைத் தூதர்கள் கொண்டுவந்ததாகக் கொள்ளக் கூடாது. மாநில அரசு தந்த நிலமும் சலுகைகளும், சென்னைத் துறைமுகமும், பாடி, அம்பத்தூர் பகுதிகளில் முன்பே வளர்ந்திருந்த உதிரிபாகத் தொழிலுமே முதன்மைக் காரணங்கள். ஆயினும் வணிகமும் முதலீடும் தூதர்களின் அன்றாட வேலையாக மாறிய காலம் அது.

விஸ்னரின் பதவிக்காலத்தில் இரு நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை. 1995 டிசம்பரில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைக்கான ஏற்பாடுகளைக் காட்டும் செயற்கைக்கோள் படத்துடன் அவர் பிரதமரின் முதன்மைச் செயலாளரைச் சந்தித்தார். அப்போது சோதனை நடைபெறவில்லை, 1998இல்தான் நடந்தது.

மற்றொன்று மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்திட்டம். என்ரான் நிறுவனத்தின் இத்திட்டத்தை 1995 ஆகஸ்டில் மாநில அரசு ரத்து செய்தது. மறுபேச்சுக்குப் பின் 1996இல் அது உயிர்பெற்றது. என்ரானுக்கு ஆதரவாக அமெரிக்க அரசு வெளிப்படையாகவே பேசியது. மின் கட்டணத் தகராறால் 2001இல் நிலையம் நின்றுபோனது. அதே ஆண்டு டிசம்பரில் என்ரானும் திவாலானது.

வணிக ஆலோசகராக

1997இல் ஓய்வுபெற்ற விஸ்னர், ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்தின் வெளியுறவு விவகாரங்களுக்கான துணைத் தலைவரானார். இந்தியக் காப்பீட்டுத் துறை அப்போது தனியாருக்குத் திறக்கப்படவில்லை. 1999இல் சட்டம் நிறைவேறியது, 2001இல் டாடா–ஏ.ஐ.ஜி. செயல்படத் தொடங்கியது.

1997ஆம் ஆண்டிலேயே என்ரான் ஆயில் அண்ட் கேஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் சேர்ந்தார். தூதராக இருந்தபோது எந்தக் குழுமத்துக்காக அவரது அரசு பேசியதோ, அதே குழுமத்தின் நிறுவனம் அது. சட்டப்படி இதில் தவறில்லை என்றாலும் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கடும் விமர்சனம் எழுந்தது.

2009இல் பேட்டன் போக்ஸ் என்ற சட்ட நிறுவனத்தில் ஆலோசகரானார். 2011இல் எகிப்தில் மக்கள் எழுச்சி வெடித்தபோது, அதிபர் முபாரக்கிடம் பேச ஒபாமா இவரையே அனுப்பினார். சில நாட்களில், முபாரக் பதவியில் தொடர்வது முக்கியம் என்று விஸ்னர் பொதுவெளியில் கூறினார். அது அவருடைய சொந்தக் கருத்து என்று அமெரிக்க அரசு விலகிக்கொண்டது. அவர் பணியாற்றிய சட்ட நிறுவனம் எகிப்து அரசுக்காகவும் வேலை செய்ததைச் செய்தியாளர்கள் சுட்டிக்காட்டினர். அந்த வேலைகளில் விஸ்னருக்குப் பங்கில்லை என்று நிறுவனம் விளக்கியது.

மதிப்பீடு

ஒரு தூதரின் முதலீடு பணமன்று. பல ஆண்டுகளில் சேர்த்த அறிமுகமும் நம்பிக்கையும்தான். அந்நிய நாட்டில் தொழில் தொடங்குவோருக்கு அந்த அறிவு மிகவும் தேவை. ஆனால் பதவியில் இருக்கும்போதே நாளைய முதலாளியை மனத்தில் வைத்து முடிவெடுத்துவிடக் கூடாது. இந்தியாவில் உயர் அதிகாரிகள் ஓய்வுக்குப் பின் ஓராண்டுக்குள் தனியார் வேலை ஏற்க அரசின் அனுமதி வேண்டும் என்ற விதி இதற்காகவே உள்ளது. வெளியுறவுச் செயலாளராக இருந்து 2018 ஜனவரியில் ஓய்வுபெற்ற எஸ். ஜெய்சங்கர், அத்தகைய அனுமதியுடன் அதே ஆண்டில் டாடா சன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 2019இல் வெளியுறவு அமைச்சரானார்.

வெளிநாட்டு ஆலைகளுக்கு நடுவே வளரும் நம் மாணவர்கள், ஒரு முன்னாள் தூதர் பேசும்போது அவர் இன்று யாருக்காகப் பேசுகிறார் என்பதையும் கேட்டறிய வேண்டும்.