கானாவின் கொக்கோவும் வர்த்தகச் சீர்திருத்தமும்

வளர்முக நாடுகளின் வர்த்தகச் சீர்திருத்தங்களை ஆராய்வோர் பெரும்பாலும் சுங்கத் தீர்வைகளையே முதன்மைப்படுத்துவர். எனினும், ஏற்றுமதிப் பயிர்ச் செய்கையாளனின் வாழ்வைத் தீர்மானிக்கும் காரணிகள் வேறு இரண்டு உள. ஒன்று நாணய மாற்று வீதம். மற்றையது ஏற்றுமதி விலையில் அவன் கைக்குச் சேரும் பங்கு. மேற்கு ஆபிரிக்க நாடான கானாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கானாவின் கொக்கோத் தொழிலைக் கட்டியெழுப்பியோர் பெருந்தோட்டக் கம்பனிகள் அல்லர், சிறு உழவர்களே. 1947 இல் நிறுவப்பட்ட கொக்கோச் சந்தைப்படுத்தற் சபை, விலைத் தளம்பலிலிருந்து அவர்களைக் காப்பதையே தன் நோக்கமாக அறிவித்தது. ஆயின் காலப்போக்கில் அது அரசின் வருவாய்க்கு ஊற்றாக மாறியது. 1964/65 இல் விளைச்சல் 5.5 இலட்சம் தொன்னைத் தாண்டியது. 1977 இல் உலக விலை பெரிதும் உயர்ந்தும் உற்பத்தி வீழ்ந்தமை கவனத்திற்குரியது. கடும் பணவீக்கத்தின் மத்தியிலும், 1978 முதல் 1983 வரை ஒரு டொலருக்கு 2.75 சீடி என்ற வீதமே பேணப்பட்டது. சபை ஈட்டிய டொலர் இவ்வீதத்தில் மாற்றப்பட்டமையால், உழவன் பெற்ற சீடி வாங்குதிறனற்றதாயிற்று. அவன் புதுமரம் நடவில்லை; விளைந்ததையும் எல்லை கடத்தி விற்றான். வறட்சியும் காட்டுத் தீயும் சேர, 1983/84 விளைச்சல் ஏறத்தாழ 1.6 இலட்சம் தொன்னாகச் சுருங்கியது.

1983 ஏப்ரலில் சீர்திருத்தம் தொடங்கியது. சீடியின் பெறுமதி படிப்படியாக இறக்கப்பட்டு, 1986 இல் ஒரு டொலர் 90 சீடியாயிற்று. உழவனுக்கான கொள்வனவு விலையும் உயர்த்தப்பட்டது. அத்தசாப்த இறுதியில் விளைச்சல் ஏறத்தாழ 3 இலட்சம் தொன்னாக மீண்டது. ஆனால், ஐவரி கோஸ்ட், மலேசியா முதலிய நாடுகளும் உற்பத்தியைப் பெருக்கியமையால் உலக விலை சரிந்து, பயனின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொண்டது.

1992/93 இல் உள்நாட்டுக் கொள்வனவு தனியாருக்குத் திறக்கப்பட்டது. ஏற்றுமதியோ சபையிடமே இருந்தது. 2010/11 இல் விளைச்சல் 10 இலட்சம் தொன்னைக் கடந்தது. எனினும், 2024 இல் உலக விலை வரலாறு காணாத உயரத்தை எட்டியபோது, விளைச்சலின் பெரும்பகுதி முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்கப்பட்டிருந்தது. அவ்வுயர்வு உழவனை உரிய வேளையிற் சென்றடையவில்லை; கடத்தல் மீண்டும் தலைதூக்கியது.

ஆகவே, சந்தை திறக்கப்பட்டதா என்பது மட்டும் போதிய வினாவன்று. திறந்த வாயிலின் வழியே வரும் விலை யாரிடம் தங்கிவிடுகின்றது என்பதே வரலாற்று மாணவர் தொடுக்க வேண்டிய வினாவாகும்.