மொறுமொறு ரெண்டாங் சர்ச்சை

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி 2018இல் ஒளிபரப்பிய மாஸ்டர்செஃப் சமையல் போட்டியில், மலேசியாவில் பிறந்த போட்டியாளர் ஒருவர் சமைத்த கோழி ரெண்டாங்கைப் பற்றி நடுவர் சொன்ன ஒரே வார்த்தையால் எழுந்தது இந்தச் சர்ச்சை. கோழித் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்பதுதான் அவர் கண்ட குறை. சில நாட்களுக்குள் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை என நான்கு நாட்டு மக்களும் சமூக ஊடகங்களில் திரண்டுவிட்டார்கள். ஆங்கில ஊடகங்கள் இதற்கு ‘ரெண்டாங்கேட்’ என்று பெயர் வைத்தன.

நடந்தது

போட்டியாளர் ஸலேஹா காதிர் ஒல்பின், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வசிப்பவர். காலிறுதிச் சுற்றில் அவர் நாசி லெமாக்கும் கோழி ரெண்டாங்கும் செய்து வைத்தார். நாசி லெமாக் என்பது தேங்காய்ப்பாலில் பாண்டான் இலை போட்டு வேகவைத்த சோறு. சம்பல், பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரி, முட்டை ஆகியவை கூடவே வரும். மலேசியத் தமிழர்கள் உட்பட அந்நாட்டின் எல்லா இனத்தாரும் காலையில் பொட்டலமாக வாங்கிச் சாப்பிடுவது.

நடுவர் கிரெக் வாலஸ், தோல் மொறுமொறுப்பாக இல்லை, அதைச் சாப்பிட முடியவில்லை, மசாலா முழுவதும் அந்தத் தோலில்தான் ஒட்டியிருக்கிறது என்றார். உடனிருந்த ஜான் டோரோட் சொன்னது வேறு: இறைச்சி போதிய நேரம் வேகவில்லை, மென்மையாகிப் பிரிந்து வர வேண்டியது கெட்டியாக இருக்கிறது. ஸலேஹா அந்தச் சுற்றோடு வெளியேறினார்.

இரண்டு தீர்ப்புகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டோரோட் சொன்னது, மலேசியாவின் எந்தப் பாட்டியும் தன் மருமகளிடம் சொல்லக்கூடிய குறை. ஆனால் அதை யாரும் பேசவில்லை. வாலஸின் ஒரு வார்த்தைதான் கடல் தாண்டிப் போனது. தொலைக்காட்சிச் சமையலில் பார்வையாளரின் நாக்குக்கு வேலையே இல்லை; கோழி வெந்ததா வேகவில்லையா என்று வீட்டிலிருப்பவர் சொல்ல முடியாது. அவர் கையில் சிக்குவது நடுவரின் பேச்சு மட்டும். அதனால் சமைத்தவரை நடுவர் எடைபோட, நடுவரின் சொல்லைப் பார்வையாளர் எடைபோடுகிறார்.

ஏன் கோபம் வந்தது

ரெண்டாங் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமிருந்து வந்த உணவு. அவர்கள் குடியேறிய நெகிரி செம்பிலான் போன்ற பகுதிகள் வழியாக மலாய்த் தீபகற்பத்திலும் வேரூன்றியது. தேங்காய்ப்பாலில் மிளகாய், எலுமிச்சைப்புல், பேரரத்தை, இஞ்சி, மஞ்சள் அரைத்துப் போட்டு, இறைச்சியை மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். முதலில் குழம்பாக இருப்பது ‘குலாய்’. பாதி சுண்டினால் ‘காலியோ’. ஈரம் வற்றி, பிரிந்து வந்த எண்ணெயிலேயே இறைச்சி வதங்கி நிறம் கறுக்கும்போதுதான் மினாங்கபாவ் மக்கள் அதை ரெண்டாங் என்பார்கள். மலேசியப் பக்குவத்தில் பெரும்பாலும் ‘கெரிசிக்’ சேரும்: துருவிய தேங்காயைச் சிவக்க வறுத்து, எண்ணெய் கசியும்வரை இடிப்பது. இவ்வளவு நேரம் மசாலாவில் ஊறி வெந்த தோல் மொறுமொறுப்பாக இருக்க வழியே இல்லை. ஆகவே வாலஸின் சொல், ‘இவருக்கு இந்தப் பதார்த்தமே தெரியாது’ என்பதற்கான ஒப்புதலாகவே கேட்டவர்களின் காதில் விழுந்தது.

பிரிட்டன் ஆண்ட நாட்டுக்காரர்களுக்கு, ஆண்ட நாட்டு நடுவர் ஒருவர் அவர்களின் வீட்டுச் சாப்பாட்டைத் திருத்துகிறார் என்பதும் உறுத்தியது.

எதிர்வினைகள்

மலேசியாவில் அப்போது பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் பிரதமர் நஜிப் ரசாக், மொறுமொறுப்பான கோழி ரெண்டாங்கை யாராவது சாப்பிடுகிறார்களா என்று ட்விட்டரில் கேட்டார். அவரைப் பதவியிறக்கக் களமிறங்கியிருந்த மகாதீர் முகமது, ரெண்டாங்கையும் கேஎஃப்சி கோழியையும் குழப்பிக்கொண்டீர்களோ என்று கிண்டலடித்தார். எதிலும் ஒத்துப்போகாத இருவரும் கோழி விஷயத்தில் ஒரே பக்கம். மே 9 தேர்தலில் நஜிப் தோற்று, 92 வயதில் மகாதீர் மீண்டும் பிரதமரானது தனிக் கதை.

கேஎஃப்சியின் மலேசியக் கிளையும் வாய்ப்பை விடவில்லை. மொறுமொறுப்பாக இருக்க வேண்டியது தங்கள் கோழி மட்டுமே என்று விளம்பரம் போட்டது. மலேசியாவிலிருந்த பிரிட்டிஷ் தூதர் விக்கி ட்ரெடல், ரெண்டாங் ஒருபோதும் மொறுமொறுப்பாக இருக்காது என்று எழுதி, தன் நாட்டு நடுவரைக் கைவிட்டு மலேசியர் பக்கம் நின்றார். ஆனால் அது மலேசியத் தேசிய உணவு, இந்தோனேசிய வகைகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தோனேசியர்களுக்கு இது போதாதா?

எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்த்தவர் டோரோட். ரெண்டாங் இந்தோனேசியாவுடையதாக இருக்கலாம், நீங்கள் எல்லோரும் இப்படிக் கொதிப்பது அருமை என்ற தொனியில் ட்வீட் போட்டு, இறுதியில் ‘நமஸ்தே’ என்று முடித்தார். மலாய்க்காரர் சொல்லாத வணக்கம். மலேசியத் தமிழர் வீட்டிலும் சொல்லாதது. மலேசியாவைச் சுற்றி ஒரு சமையல் தொடரே எடுத்தவர் இப்படி எழுதியதுதான் பலருக்கும் வியப்பு.

2009இல் பாலித் தீவின் பெண்டெட் நடனம் மலேசியாவைப் பற்றிய ஒரு விளம்பரத்தில் இடம்பெற்றதற்காகவே மனக்கசப்பு கொண்ட நாடுகள் இந்தோனேசியாவும் மலேசியாவும். ரெண்டாங் யாருடையது என்பதிலும் அவர்களுக்குள் பழைய வழக்கு உண்டு. இம்முறை வழக்கை ஒத்திவைத்துவிட்டு ஒன்று சேர்ந்தார்கள்.

வாலஸ் பின்னர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விளக்கம் தந்தார்: கோழியைப் பொரித்திருக்க வேண்டும் என்று தான் சொல்லவில்லை, தோல் வேகாமல் வெளுத்துத் தொளதொளவென்று இருந்தது என்பதே தன் பொருள். இது நியாயமான விளக்கமாகவே படுகிறது. ஆனால் சூடு ஆறிய பிறகு பரிமாறப்பட்டது. வாலஸ், டோரோட் இருவரும் 2025இல் அந்நிகழ்ச்சியை இழந்ததற்குக் காரணங்கள் வேறு. ரெண்டாங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போட்டியாளர்

இத்தனை ஆரவாரத்தில் ஸலேஹாவின் குரல்தான் மிக நிதானமானது. மரபு முறையில் சமைத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்றார். அதே மூச்சில், மற்றப் போட்டியாளர்களோடு ஒப்பிட்டால் தான் அந்த அளவுக்குச் சிறப்பாகச் செய்யவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அவருக்காகச் சண்டையிட்ட பலர் இந்த இரண்டாவது பாதியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2019இல் அவருடைய மலேசியச் சமையல் நூல் வெளிவந்தது. அதற்கு அவர் வைத்த ஆங்கிலத் தலைப்பின் பொருள்: ‘என் ரெண்டாங் மொறுமொறுப்பானதல்ல’.