இஸ்திக்லால் பள்ளிவாசலை வரைந்தவர் யார்?

பள்ளிவாசல் முகப்பில் பதிக்கப்பட்டிருக்கும் கல்வெட்டுகளில் அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், பொருளுதவி செய்தவர், நிர்வாகிகள் ஆகியோரின் பெயர்களை நாம் வாசிக்கிறோம். கட்டடத்தை வரைந்தவரின் பெயரும், அதை எழுப்பிய கொத்தனாரின் பெயரும் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. ஒரு தலைமுறை கடந்துவிட்டால் அவற்றைச் சொல்வதற்கு ஊரில் ஆளும் இருப்பதில்லை.

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல், தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப் பெரியது. 'இஸ்திக்லால்' என்னும் அரபுச் சொல்லுக்கு விடுதலை என்பது பொருள். டச்சு ஆட்சியிலிருந்து மீண்ட அந்நாட்டு மக்கள், அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தும் முகமாக அதனை எழுப்ப விரும்பினர். 1955இல் வடிவமைப்புப் போட்டி நடைபெற்றது. குடியரசுத் தலைவர் சுகர்னோ நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 'கெத்துஹானன்', அதாவது இறைமை, என்னும் புனைபெயரில் வந்த வரைபடம் முதலிடம் பெற்றது.

அந்தப் புனைபெயருக்கு உரியவர் ஃபிரெட்ரிக் சிலாபான். 1912இல் வடக்கு சுமத்ராவில் பிறந்த பத்தாக் இனத்தவர். கிறித்தவப் போதகர் ஒருவரின் மகன்.

1961 ஆகஸ்ட் 24 அன்று, ரபீஉல் அவ்வல் பிறை 12இல், அடிக்கல் நாட்டப்பட்டது. 1978 பிப்ரவரி 22 அன்று பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அதன் குவிமாடத்தின் விட்டம் 45 மீட்டர். அது 1945ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தைக் குறிக்கிறது. அதைத் தாங்கும் தூண்கள் 12. பூவேலைப்பாடுகள் மிகுந்த பழைய பாணியைச் சிலாபான் நாடவில்லை. நேர்கோடுகள், கான்கிரீட், பளிங்கு, துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றால் அக்காலத்து நவீன பாணியில் வரைந்தார். வெப்ப மண்டலத்தில் காற்றும் நிழலும் வேண்டும் என்பதால் சுற்றிலும் திறப்புகளையும் அகன்ற தாழ்வாரங்களையும் அமைத்தார். போகோர் நகரில் அவர் தமக்கென வரைந்த வீட்டிலும் அகன்ற இறவாரங்களைக் காணலாம். ஒரு கட்டடத்தை வரைந்தவரைத் தேடுவோர் ஆவணத்தோடு இத்தகைய ஒற்றுமைகளையும் ஆராய வேண்டும்.

அல்லாஹ்வின் இல்லத்தை வரைந்தவர் முஸ்லிம் அல்லர் என்பதால் அவர் பெயரைச் சொல்லத் தயங்குவோரும் இருக்கக்கூடும். ஹிஜ்ரத் பயணத்தில் வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. எனினும் அவருடைய திறமையையும் நாணயத்தையும் நம்பி நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தம் ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பெயரை நம் வரலாறு மறைக்கவில்லை.

மதீனாப் பள்ளியின் மிம்பரைச் செய்தவர் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் அடிமையான தச்சர் என்று ஹதீஸ்களில் வந்துள்ளது. அவருடைய பெயர் பலவாறு அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஹதீஸ் விரிவுரையாளர்கள் அவ்வறிவிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது வலுவானது என்று ஆராய்ந்தார்கள். சில படிகள் கொண்ட ஒரு மரமேடையைச் செய்த எளிய தொழிலாளியின் பெயருக்கு நம் முன்னோர் தந்த மதிப்பு இதுவே. 'யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார்' என்று வினவும் இஸ்னாத் கலைக்கு உரிய சமுதாயம், தன் பள்ளிவாசலைக் கட்டியவர் யார் என்று அறியாதிருப்பது பொருந்துமா?

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளிவாசலின் வரைபடம், அனுமதிப் பத்திரம், கூலிக் கணக்கு ஆகியவற்றைத் தேடிப் பாதுகாக்கட்டும். கொத்தனார், தச்சர், சித்தாள் ஆகியோரின் பெயர்களை முதியவர்களிடம் கேட்டு, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி வைக்கட்டும். மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்னும் கருத்தை நபிமொழி நமக்குக் கற்பிக்கிறது. ஸஜ்தாவில் நம் நெற்றி படும் தளத்தைச் சமன் செய்த கைகளுக்கும் அந்த நன்றி உரியது.