'ஸ்வீட்மீட்'ல மீட் இல்ல... 'ஸ்வீட்பிரெட்'ல பிரெட் இல்ல! - ஒரு ஆங்கிலச் சொல்லின் கதை

கொல்கத்தாவில் ரசகுல்லா விற்கும் கடைகளை 'ஸ்வீட்மீட் ஷாப்' என்றும் சொல்வார்கள். முதன்முறை அந்தப் பெயரைப் பார்க்கும் சைவப் பிரியர்கள், 'என்னடா இது, ஸ்வீட்ல போய் மீட்டா?' என்று இரண்டடி பின்வாங்கலாம். பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது பாலும் சர்க்கரையும்தான். ஆனா, வெளிநாட்டு உணவகத்தின் மெனு கார்டில் 'ஸ்வீட்பிரெட்ஸ்' என்று இருந்தால், இனிப்பு பன் என நினைத்து ஆர்டர் பண்ணிடாதீங்க. அது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் தைமஸ் சுரப்பி அல்லது கணையம்!

'ஸ்வீட்மீட்' குழப்பத்துக்குக் காரணம், 'மீட்' என்ற சொல் நடுவில் அர்த்தம் மாறியதுதான்.

சாப்பாடு எல்லாமே 'மீட்'தான்!

பழைய ஆங்கிலத்தில் 'மெடெ' என்றால் உணவு. சோறோ, ரொட்டியோ, பழமோ... வயிற்றுக்குள் போகும் எதுவும் அதில் அடக்கம். ஸ்வீடன் மொழியில் இன்றைக்கும் 'மாட்' என்றால் சாப்பாடுதான். இங்கிலாந்தில் ஒருகாலத்தில் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டியை 'ஒயிட் மீட்' என்றும், காய்கறி, கீரைகளை 'கிரீன் மீட்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்போது இறைச்சியைக் குறிக்கத் தனியாக 'ஃபிளெஷ்' என்ற சொல் இருந்தது.

சுமார் 14-ம் நூற்றாண்டிலிருந்து 'மீட்' கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இறைச்சியை மட்டும் குறிக்க ஆரம்பித்தது. ஆனாலும் பழைய பொருள் சீக்கிரம் போய்விடவில்லை. 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் 'மீட் ஆஃபரிங்' என்றொரு காணிக்கை வருகிறது. அதில் படைப்பது ஆடோ மாடோ இல்லை, மாவும் எண்ணெயும்தான். பின்னால் வந்த மொழிபெயர்ப்புகள் குழப்பம் வேண்டாமென்று அதை 'தானியக் காணிக்கை' என்ற பொருளில் மாற்றிவிட்டன.

'ஒருவருக்கு உணவாக இருப்பது இன்னொருவருக்கு விஷமாகலாம்' என்ற ஆங்கிலப் பழமொழியில் வரும் 'மீட்'டும் இந்தப் பழைய மீட்தான். தேங்காயின் வெள்ளைப் பகுதியை 'கோகனட் மீட்' என்பதும், வால்நட்டின் பருப்பை 'நட் மீட்' என்பதும் ஓட்டுக்குள் இருக்கும் 'தின்னக்கூடிய பகுதி' என்ற பொருளில்தான். ரெசிப்பி வீடியோவில் 'கோகனட் மீட்' என்று கேட்டால் பதற வேண்டாம்!

லேபிளைப் பார்க்க வேண்டிய இடம்

கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்தில் செய்யும் 'மின்ஸ் பை'க்குள் வைக்கும் பூரணத்தின் பெயர் 'மின்ஸ்மீட்'. ஒருகாலத்தில் அதில் நிஜமாகவே கொத்திய இறைச்சி இருந்தது. இன்று உலர்திராட்சை, ஆப்பிள், சர்க்கரை, மசாலா வாசனைப் பொருள்கள்தான் பிரதானம். 'அப்போ சைவம்தானே' என்று உடனே வாயில் போட்டுடாதீங்க. பாரம்பர்ய முறையில் 'சூயட்' என்ற மாட்டுக் கொழுப்பைச் சேர்ப்பார்கள். தாவரக் கொழுப்பில் செய்ததும் கடைகளில் கிடைக்கிறது. எனவே, சைவம் சாப்பிடுபவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குவதே நல்லது.

பேச்சு வழக்கில் மீட்

* மீட்டி ரோல்: நம்ம சினிமா பேட்டிகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை. நடிக்க நிறைய இடமுள்ள, கனமான பாத்திரம்.
* மீட் ஆஃப் தி மேட்டர்: விஷயத்தின் சாரம். சுற்றி வளைக்காமல் 'மேட்டருக்கு வாங்க' என்கிறோமே, அந்த மேட்டர்.
* மேக் மின்ஸ்மீட் ஆஃப்: எதிரணியைத் துவம்சம் பண்ணுவது.
* டெட் மீட்: 'யூ ஆர் டெட் மீட்' என்றால் 'நீ தொலைஞ்ச!' மார்க் ஷீட்டை அப்பா பார்த்துவிட்டால் அண்ணன் சொல்வதுபோல.
* மீட்ஹெட்: உடம்பு வளர்ந்த அளவுக்கு மூளை வளராதவர் என்ற கிண்டல். 1971-ல் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற அமெரிக்க டி.வி தொடரில் மாமனார் தன் மருமகனை இப்படித்தான் கூப்பிடுவார்.
* மீட்ஸ்பேஸ்: சைபர்ஸ்பேஸுக்கு எதிர்ப்பதம். திரைக்கு வெளியே, ரத்தமும் சதையுமாக நாம் வாழும் உலகம். இணையவாசிகள் உருவாக்கிய சொல்.

இதுல கவனம் தேவை

'மீட் மார்க்கெட்' என்றால் இறைச்சிச் சந்தை. பேச்சு வழக்கிலோ, ஆட்களை உடம்பை வைத்து மட்டும் எடைபோடும் இடம். பார், கிளப், அழகிப் போட்டி என எதைப் பற்றியும் இப்படிச் சொல்வதுண்டு. 'என்னை ஒரு மீட் துண்டு மாதிரி நடத்தினாங்க' என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னால், அது சாதாரணப் புலம்பல் இல்லை. 'என்னை மனுஷியாவே மதிக்கலை' என்கிற குற்றச்சாட்டு. ஆபீஸில் யாராவது இப்படிச் சொன்னால், ஸ்லாங் என்று சிரித்துக் கடந்துவிடாமல் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

மறுபடியும் பழைய இடத்துக்கே!

இப்போது சோயாவிலும் பட்டாணியிலும் செய்து 'பிளான்ட் பேஸ்டு மீட்' என்று விற்கிறார்கள். 'செடியில் செய்ததை எப்படி மீட் என்று சொல்லலாம்?' என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலேயர் ஒருவரிடம் கேட்டிருந்தால், 'சாப்பிடுற பொருள்தானே, அப்புறம் என்ன?' என்று கேட்டுவிட்டுத் தட்டை நீட்டியிருப்பார்.

ஆனா, நாம வாழ்றது இந்தக் காலத்துல. அதனால் பெயரை மட்டும் நம்பாம, உள்ளே என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டே சாப்பிடுங்க!