மனநோய் இருந்தால் கொலை வழக்கில் விடுதலையா? சட்டம் என்ன சொல்கிறது?

களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை செக்போஸ்ட் வழியாகத் திருவனந்தபுரம் போய்வருகிறவர்களுக்கு நந்தன்கோடு கொலை வழக்கு நினைவிருக்கும். 2017 ஏப்ரலில் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, சகோதரி, வயதான உறவினர் என 4 பேர் கொல்லப்பட்டார்கள். கைதானவர் அந்த வீட்டு மகன். அவருக்கு மனநோய் என்று வாதிட்டது எதிர்த்தரப்பு. திட்டமிட்ட கொலை என்றது அரசுத் தரப்பு. 2025 மே மாதம் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

'பைத்தியம்னு சொன்னா தப்பிச்சிடலாம்' என்று பலரும் நினைக்கிறார்கள். அது அவ்வளவு சுலபமில்லை.

சட்டம் கேட்பது என்ன?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு (பழைய ஐபிசி 84) இதைப் பேசுகிறது. மனநலப் பாதிப்பால், தான் என்ன செய்கிறோம் என்பதையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்த செயல் குற்றமாகாது. நோய் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. சம்பவம் நடந்த அந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பதே கேள்வி.

யார் நிரூபிக்க வேண்டும்?

குற்றம் சாட்டப்பட்டவர்தான். ஆனால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. 'அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று காட்டினால் போதும். 1964-இல் தாஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சம்பவத்துக்கு முன்பும் பின்பும் அவர் நடந்துகொண்ட விதம், சிகிச்சை ஆவணங்கள் எல்லாம் பார்க்கப்படும்.

விசாரணையின்போது நோய் இருந்தால்?

அது வேறு கேள்வி. தனக்காக வாதாட முடியாத நிலையில் இருப்பவர் மீதான விசாரணையைத் தள்ளிவைத்து, சிகிச்சைக்கு அனுப்பலாம். அது விடுதலை ஆகாது.

விடுதலையானால் வீட்டுக்குப் போகலாமா?

உடனே போக முடியாது. பாதுகாப்பான காவலில் வைக்கவோ, உத்தரவாதம் பெற்று உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும்.

தண்டனைக்குப் பிறகு நோய் வந்தால்?

குற்றம் நீங்காது, தண்டனை குறையலாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தால் ஒருவரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. ஆனாலும் வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால் பழைய ஓபி சீட்டையும் மருந்துச் சீட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. சிகிச்சைக்கு மட்டுமல்ல, ஒருநாள் நீதிமன்றத்திலும் அவை தேவைப்படலாம்.