கம்பியில்லா பேக்ஹால்: அலைவரிசைத் தேர்வின் வரலாறு

பேக்ஹால் என்பது இணையத்தின் பெருவழியான ஒளியிழைக்கும், ஓர் ஊரில் அதை வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கோபுரத்துக்கும் நடுவே உள்ள இணைப்பு. ஏரியிலிருந்து வரும் வாய்க்காலைப் போன்றது அது. மடைகளை எவ்வளவு சீராக வெட்டியிருந்தாலும் வாய்க்காலில் வருவதுதான் வயலில் பாயும். மலையோ ஆறோ குறுக்கிட்டு, அல்லது செலவு கட்டுப்படியாகாமல், பள்ளம் தோண்டி இழை பதிக்க முடியாத இடங்களில் இரண்டு டிஷ்களை எதிரெதிரே நிறுத்தி இந்த வாய்க்காலைக் காற்றிலேயே வெட்டுகிறார்கள்.

எந்த அலைவரிசை, எந்தக் கருவி என்ற கேள்விக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விடை இருந்ததில்லை. அக்கம்பக்கத்து ரேடியோக்களின் நெரிசல், மழை, உரிமக் கட்டணம் என மூன்று தொல்லைகள் எப்போதும் உண்டு. அவற்றுள் எதைத் தாங்கிக்கொள்வது என்பதுதான் ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளரும் எடுத்த முடிவு.

கால்வாயைத் தாண்டிய அலை

1931 மார்ச் 31 அன்று இங்கிலாந்தின் டோவர் பக்கத்திலிருந்து பிரான்சின் கலே பக்கத்துக்கு, ஆங்கிலக் கால்வாயின் மேலாக, 18 சென்டிமீட்டர் அலைநீளத்தில் பேசிக் காட்டினார்கள். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 1.7 கிகாஹெர்ட்ஸ். ஆந்த்ரே கிளாவியே என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் குழு அமைத்த அந்த இணைப்பில் ஆன்டெனாக்கள் சுமார் 3 மீட்டர் விட்டம் கொண்ட கிண்ணங்கள். அலைநீளம் குறையக் குறைய, கைக்கடங்கிய கிண்ணத்தைக் கொண்டே அலையை விளக்கொளி போலக் குவித்து ஒரே திசையில் அனுப்பலாம் என்பதை அந்தச் சோதனை காட்டியது. 1934இல் இங்கிலாந்தின் லிம்ப்னே, பிரான்சின் சான் ஆங்கில்வேர் விமான நிலையங்களுக்கு இடையே இதே முறை அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது.

இரண்டாம் உலகப்போரில் ரேடாருக்காக நுண்ணலைக் கருவிகள் வேகமாக வளர்ந்தன. போர் முடிந்ததும் அந்த அனுபவத்தை அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தொலைபேசிக்குத் திருப்பியது. 1947 நவம்பர் 13 அன்று நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் நடுவே, ஏழு இடைநிலைக் கோபுரங்களோடு, 4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு திறக்கப்பட்டது. 1951இல் அதே வரிசை 107 கோபுரங்களாகக் கண்டத்தின் குறுக்கே நீண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில் அதிபர் ட்ரூமன் ஆற்றிய உரையை, கிழக்குக் கரையில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் உடனுக்குடன் பார்த்தார்கள்.

4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த அதிர்வெண்ணை மழை பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆன்டெனாவும் கோபுரம் தாங்கும் அளவிலேயே இருக்கும். கோபுரங்களை ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிறுத்தியதற்குப் பூமியின் வளைவு காரணம். அலை காற்றில் சற்றே வளைவதைக் கழித்துப் பார்த்தாலும், 40 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் பூமி மட்டும் ஏறக்குறைய 23 மீட்டர் எழும்பி நிற்கும். மரங்களும் வீடுகளும் அதற்கு மேல்.

உரிமம் கேட்காத அலைவரிசைகள்

நாற்பது ஆண்டுகளுக்கு நுண்ணலை என்பது பெரிய நிறுவனங்களின் சொத்தாகவே இருந்தது. 1985 மே மாதம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்சிசி, 902–928 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களில், அலையைப் பரப்பி அனுப்பும் ரேடியோக்களை 1 வாட் வரை உரிமமின்றி இயக்க அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்பு முதலிய தொழிற்கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த, தொலைத்தொடர்புக்காரர்கள் கண்டுகொள்ளாத புறம்போக்கு நிலம் அது. அந்தப் புறம்போக்கில்தான் பின்னாளில் வைஃபை குடியேறியது. 1997இல் வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் வெளியானது. அதே ஆண்டு 5 கிகாஹெர்ட்ஸில் மேலும் 300 மெகாஹெர்ட்ஸை எஃப்சிசி திறந்துவிட்டது.

தனி உரிமமோ ஏலமோ இல்லாமல் ஊருக்கு இணையம் தரும் சிறு நிறுவனங்கள் அமெரிக்க நாட்டுப்புறங்களில் முளைத்தன. 2002இல் மோட்டரோலா கொண்டுவந்த கேனபி கருவிகள் இவர்களுக்குப் பெரிய துணை. அவை ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கொண்டு ஒரு கோபுரத்தின் எல்லா ரேடியோக்களையும் ஒரே நேரத்தில் பேசவும் ஒரே நேரத்தில் கேட்கவும் வைத்தன. ஒன்று கத்தும்போது பக்கத்திலிருப்பது காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் தொல்லை அதனால் நீங்கியது. லாட்வியாவின் மைக்ரோடிக், அமெரிக்காவின் யுபிக்விட்டி ஆகிய நிறுவனங்கள் வைஃபை சில்லுகளையே வெளிப்புறப் பெட்டியில் அடைத்து, முன்பிருந்த விலையில் சிறு பங்குக்கு விற்றன.

தேனியிலிருந்து வெனிசுவேலா வரை

வீட்டுக்குள் சில பத்து மீட்டருக்காக வடிவமைத்த வைஃபையைப் பல கிலோமீட்டருக்கு நீட்டுவதில் எதிர்பாராத சிக்கல் ஒன்று இருந்தது. ஒரு தகவல்பொட்டலம் அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்காக வைஃபை சில பத்து மைக்ரோவினாடிகளே காத்திருக்கும். ஒளி வேகத்தில் போனாலும் 100 கிலோமீட்டர் போய்வர 667 மைக்ரோவினாடி ஆகும். பதில் வரும் முன்பே பொட்டலம் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி, ரேடியோ மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய டையர் என்ற ஆய்வுக்குழு இதற்கு ஒரு தீர்வு கண்டது. ‘யார் முந்துகிறாரோ அவர் பேசலாம்’ என்ற வைஃபை முறையை எடுத்துவிட்டு, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டைப் புகுத்தினார்கள். ‘வைல்டுநெட்’ என்ற பெயரில் 2007இல் வெளியான இந்த ஆய்வுக்குக் களமாக அமைந்தவற்றுள் ஒன்று தேனி அரவிந்த் கண் மருத்துவமனை. ஆண்டிபட்டி முதலிய ஊர்களின் கண் பரிசோதனை மையங்களுக்கு வந்த நோயாளிகள், தேனியிலிருந்த மருத்துவரோடு வீடியோவில் பேசினார்கள். இணைப்புகளின் நீளம் 1 முதல் 15 கிலோமீட்டர் வரை. ஒவ்வொன்றிலும் வினாடிக்குச் சில மெகாபிட் வேகம் கிடைத்தது.

தேனி அனுபவம் கருவித் தேர்வைப் பற்றி இன்னொரு பாடத்தையும் தந்தது. இணைப்பு அறுந்தபோதெல்லாம் ரேடியோ அலையின் மேல் பழி போடுவதற்கில்லை. பெரும்பாலும் குற்றவாளி மின்சாரம். மின்னழுத்தம் தாவி மின்சுற்றுப் பலகைகள் எரிந்தன. அழுத்தம் தாழ்ந்தபோது நினைவகம் கெட்டது. இதனால் அழுத்தம் குறைந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சூரிய மின் கட்டுப்பாட்டுப் பெட்டியை அந்தக் குழு தனியாக வடிவமைக்க வேண்டியிருந்தது.

தூரத்தின் எல்லையைத் தொட்டுப் பார்த்தவர் வெனிசுவேலாவின் எர்மான்னோ பியத்ரோசெமோலி. ஆண்டிஸ் மலையின் ஆகிலா சிகரத்திலிருந்து 2006இல் 279 கிலோமீட்டருக்கும், 2007இல் 382 கிலோமீட்டருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைப்பு ஏற்படுத்தினார். பயன்பட்டவை பழைய செயற்கைக்கோள் டிஷ்களும், கடையில் விற்கும் வீட்டு ரவுட்டர்களும். நேபாளத்தில் மகாபீர் புன், நாங்கி கிராமத்தைப் பொக்காரா நகரோடு இணைக்க, இடைநிலை ஆன்டெனாவை ஒரு மரத்தில் கட்டித் தொடங்கினார். 2007இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. மலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இப்படி நீண்டதற்கு உயரமும், சுற்றிலும் வேறு ரேடியோ இல்லாததும் காரணம். நகரத்தில் அதே அலைவரிசை சந்தை இரைச்சலாக மாறிவிட்டது.

ரேடாரின் பக்கத்து வீடு

நெரிசலுக்கு அஞ்சி 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனவர்கள் அங்கே ஏற்கெனவே குடியிருந்த ரேடார்களைச் சந்தித்தார்கள். 5.25 முதல் 5.725 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பெரும்பகுதியில் ஒரு நிபந்தனை உண்டு. ரேடியோ தொடங்கும் முன் குறைந்தது 60 வினாடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் துடிப்பு கேட்டால் 10 வினாடிக்குள் இடத்தைக் காலி செய்து, அரைமணி நேரம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், விமான நிலையத்துக்கான வானிலை ரேடாரின் திரையில் இணைய நிறுவனங்களின் வெளிப்புற ரேடியோக்கள் கோடு கோடாகத் தெரிந்தன. ரேடாருக்குக் காதுகொடுக்கும் வசதியை அணைத்துவைத்தவர்கள், கருவியில் தவறான நாட்டைத் தேர்ந்து நிறுவியவர்கள் ஆகியோர் மேல் எஃப்சிசி நடவடிக்கை எடுத்தது. அதனால் ரேடார் எல்லைக்குள் இருப்பவர்கள், நள்ளிரவில் திடீரென அலைவரிசை மாறும் தொல்லையைத் தவிர்க்க, இந்த நிபந்தனை இல்லாத 5.8 கிகாஹெர்ட்ஸின் நெரிசலையே பொறுத்துக்கொள்வதும் உண்டு.

இந்தியாவில் இந்தக் கதவுகள் மெதுவாகத் திறந்தன. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸும், 2007இல் 5.825–5.875 கிகாஹெர்ட்ஸும் உரிமத்திலிருந்து விடுபட்டன. 5 கிகாஹெர்ட்ஸின் எஞ்சிய பகுதிகள் வெளிப்புறப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது 2018 அக்டோபரில்தான்.

மேலே போனால் மழை

அதிர்வெண் ஏற ஏற இடம் விசாலம். 2003இல் எஃப்சிசி திறந்த 71–76, 81–86 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் ஈ-பேண்ட் எனப்படுகின்றன. ஒவ்வொன்றின் அகலமும் 5 கிகாஹெர்ட்ஸ். 2.4, 5 கிகாஹெர்ட்ஸின் உரிமமற்ற இடங்களையெல்லாம் சேர்த்தாலும் அதில் சிறு பங்குதான் வரும். கற்றை மிக மெல்லியதாக இருப்பதால் பக்கத்து இணைப்புகளுடன் மோதல் குறைவு. அமெரிக்காவில் ஒவ்வொரு இணைப்புக்கும் எளிய இணையப் பதிவே போதுமென விதி செய்யப்பட்டது.

விலை மழையில் தெரியும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதத்தில் கொட்டும் வெப்பமண்டல மழையில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 1 டெசிபெல் இழக்கும். 11 கிகாஹெர்ட்ஸில் அது 5, 18இல் 10, 80இல் 30. மூன்று டெசிபெல் இழப்பு என்றால் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். 60 கிகாஹெர்ட்ஸில் மழையே தேவையில்லை; காற்றின் ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல்லை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் குறையே அங்கே வசதியும்கூட. ஒரு தெருவின் அலை அடுத்த தெருவுக்குப் போய்த் தொல்லை கொடுக்காது.

இதனால் நீண்ட இணைப்புக்கு 6, 7, 11 கிகாஹெர்ட்ஸ் உரிம அலைவரிசைகளும், நகருக்குள் ஓரிரு கிலோமீட்டருக்கு 60, 80 கிகாஹெர்ட்ஸும், நடுத்தர தூரத்துக்கு 15, 18, 23 கிகாஹெர்ட்ஸும் என்ற பங்கீடு உருவானது. வேகத்துக்காக மழையை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி, காற்றில் போகும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கே போகும். 2010இல் சிகாகோவுக்கும் நியூஜெர்சிக்கும் ஏறக்குறைய நேர்கோட்டில் பதித்த இழையில் போய்வர 13.1 மில்லிவினாடி ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் பங்குவணிக நிறுவனங்கள் அமைத்த நுண்ணலைக் கோபுரங்கள் அதை 9 மில்லிவினாடிக்கு அருகில் கொண்டுவந்தன.

கணக்கும் கருவியும்

கோபுரம் ஏறும் முன் காகிதத்தில் ஒரு கணக்குப் போட வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை 10 கிலோமீட்டர் கடக்கும்போது சுமார் 128 டெசிபெல் இழக்கும். 100 மில்லிவாட் ரேடியோவும் (20 டெசிபெல்-மில்லிவாட்) இருபுறமும் 25 டெசிபெல் கூட்டித்தரும் ஆன்டெனாவும் இருந்தால், மறுமுனைக்கு வந்து சேர்வது மைனஸ் 58 டெசிபெல்-மில்லிவாட். இரு டிஷ்களையும் 30 டெசிபெல் ஆக்கினால் அது மைனஸ் 48. பெருக்கி எதுவும் வைக்காமலே பத்து மடங்கு ஆற்றல். பெரிய டிஷ்ஷின் கற்றை மெல்லியது. அதனால் பக்கவாட்டு இரைச்சலும் குறையும். மொத்தமாக வெளியேறும் ஆற்றலுக்கே வரம்பு விதிக்கும் நாடுகளில், டிஷ் பெரிதானால் ரேடியோவின் ஆற்றலைக் குறைத்தாக வேண்டும். ஆனாலும் கேட்கும் பக்கத்தில் கிடைக்கும் லாபம் குறையாது.

எதிர்க்கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை, நடுவில் பருத்த பாகற்காய் வடிவில் இடம் கேட்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனலின் பெயரால் அது ஃப்ரெனல் மண்டலம். 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு அதன் ஆரம் 11 மீட்டருக்குச் சற்று மேல், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 18 மீட்டர். குறைந்தது அதில் 60 சதவீதம் காலியாக இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. வேனிலில் நன்றாக ஓடிய இணைப்பு, மழைக்குப்பின் தென்னையும் வேம்பும் தழைத்ததும் தள்ளாடுவது இதனால்தான்.

கருவியின் உருவமும் மாறியது. ஆரம்பத்தில் ஓர் அறை நிறைய வால்வு அடுக்குகள் இருந்தன. அலைவழிக்குழாய் கோபுரத்தின் உச்சிவரை ஏறும். பிறகு ரேடியோ கோபுரத்துக்கும் மோடம் அறைக்கும் பிரிந்தன. இன்று முழுக் கருவியும் டிஷ்ஷின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே போகும் ஒரே ஈதர்நெட் கேபிளில் தரவும் மின்சாரமும் சேர்ந்தே ஓடுகின்றன. யுபிக்விட்டி 2012இல் வெளியிட்ட 24 கிகாஹெர்ட்ஸ் ஏர்ஃபைபர், இருதிசையும் சேர்த்து வினாடிக்கு 1.4 கிகாபிட் என்ற வேகத்தை உரிமமற்ற பெட்டிக்குள் கொண்டுவந்தது.

இப்போது பல இணைப்புகளில் ஒரே கம்பத்தில் இரண்டு ரேடியோக்கள் இருக்கின்றன: 60 அல்லது 80 கிகாஹெர்ட்ஸில் ஒன்று, துணைக்கு 5 கிகாஹெர்ட்ஸில் இன்னொன்று. வெயில் நாளில் தரவு மேல் அலைவரிசையில் கிகாபிட் கணக்கில் ஓடும். மழை வலுக்கும்போது அந்த ரேடியோ முதலில் தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துத் தாக்குப்பிடிக்கும். அதுவும் முடியாதபோது போக்குவரத்து கீழ் அலைவரிசைக்கு இறங்கி, சில நூறு மெகாபிட்டில் நகரும். மழை விட்ட சில நிமிடங்களில் மறுபடி மேலேறிவிடும். கீழே வீட்டில் படம் பார்ப்பவருக்குத் திரை சற்று மங்கித் தெளிந்ததோடு சரி.