நாயும் பறக்கும் தட்டும்

1974 ஆகஸ்ட் 5ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர் மைதானத்தில் பேஸ்போல் ஆட்டத்தினிடையே அலெக்ஸ் ஸ்ரெயின் என்ற இளைஞர் தமது நாயுடன் உள்ளே குதித்தார். அவர் எறிந்த பறக்கும் தட்டுகளை ‘அஷ்லி’ என்ற அந்த விப்பெட் நாய் துள்ளித் துள்ளிக் கவ்வியது. தொலைக்காட்சி நேயர்களும் வியந்தனர், ஸ்ரெயின் கைதானார். நாய்களுக்கான தட்டுப் போட்டிகள் பரவுவதற்கு இந்நிகழ்வே பெருந்தூண்டுதலாயிற்று.

ஆனால் அத்தட்டு நாய்க்காகப் பிறந்ததன்று. பிரெட் மொரிசன் வடிவமைத்து, 1957இல் வம்-ஓ நிறுவனம் விற்கத் தொடங்கிய அது மனிதக் கைக்கானது. கடினமான பிளாஸ்டிக் நாயின் பல்லைத் தேய்க்கும். உடைந்தால் வாயைக் கிழிக்கும்.

வாங்குவோர் தட்டு எவ்வளவு தூரம் பறக்கும் என்றே கேட்கின்றனர். பார்க்கவேண்டியவை விளிம்பின் மென்மையும் நாயின் வாய்க்கேற்ற அளவுமே. குட்டிகளுக்கு அதை நிலத்தில் உருட்டிவிடுவதே நன்று. வாயில்லாச் சீவன் முறையிடாது. தெரிவுசெய்யும் பொறுப்பு நம்முடையது.